பேட்டரியின் வரவு செலவு

கார் கிளம்பாவிட்டால் நாம் முதலில் குறை சொல்வது பேட்டரியைத்தான். "பேட்டரி போச்சு, மாத்திடுங்க" என்று சொல்ல யாராவது ஒருவர் பக்கத்தில் இருப்பார். பஸ் பணிமனையில் 30 ஆண்டுகளுக்கு மேல் எலக்ட்ரீஷியனாக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அடிக்கடி சார்ஜ் இறங்கும் பேட்டரி பல சமயங்களில் குற்றவாளி அல்ல, பொருளைப் பறிகொடுத்தவர்.

பேட்டரி பழைய சங்கதி. 1859-இல் பிரான்சில் காஸ்டன் பிளாண்டே என்பவர் ஈயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் அமிழ்த்தி, திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றக்கூடிய பேட்டரியைச் செய்தார். இன்றைக்கும் நம் கார் பானெட்டுக்கு அடியில் பெரும்பாலும் இருப்பது அடிப்படையில் அதேதான். ஆனால் அந்தக் காலக் கார்களை ஹேண்டில் போட்டுத்தான் கிளப்பினார்கள். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் கை முறியும். அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் காடிலாக் காரின் 1912 மாடலில் வந்தது. அதன் பிறகுதான் காருக்கு உயிரே பேட்டரி என்று ஆயிற்று.

நம் அம்பாசிடர் காலத்தில் பேட்டரிக்குச் சார்ஜ் கொடுத்தது டைனமோ. வண்டி சிக்னலில் நின்றால் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு மினுக்குமே, நினைவிருக்கிறதா? எஞ்சின் மெதுவாக ஓடும்போது டைனமோவுக்குப் போதிய வோல்டேஜ் வராது என்பதுதான் அதன் பொருள். டைனமோவுக்கும் பேட்டரிக்கும் நடுவே காவலாளியாக 'கட்-அவுட்' இருந்தது. டைனமோ வேகமாகச் சுற்றும்போது அதன் பாயிண்டுகள் சேர்ந்து கரண்ட்டை உள்ளே விடும். எஞ்சின் நின்றதும் விலகிவிடும். பாயிண்ட் தீய்ந்து ஒட்டிக்கொண்டால் போச்சு. ராத்திரி முழுவதும் பேட்டரி டைனமோ வழியாக வடிந்துவிடும். புது பேட்டரி போட்டாலும் மறுநாள் காலை அதே கதைதான். வேண்டியது உப்புத்தாளும் கொஞ்சம் பொறுமையும்.

1960-இல் அமெரிக்காவில் கிரைஸ்லர் நிறுவனம் தன் வேலியன்ட் காரில் ஆல்டர்னேட்டரைப் பொருத்தியது. நம் ஊரில் 1983 டிசம்பரில் மாருதி 800 வந்து தெருவெல்லாம் பெருகிய பிறகு டைனமோ மெல்ல மறைந்தது. கட்-அவுட் செய்த காவல் வேலையை ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டயோடுகள் எடுத்துக்கொண்டன. டயோடு கெட்டால் அதே பழைய திருட்டு, வேறு வாசல் வழியாக.

இப்போதைய கார்களில் மூன்றாவது வாசல் ஒன்றும் உண்டு. சாவியை எடுத்த பிறகும் கடிகாரம், அலாரம், கம்ப்யூட்டர் எல்லாம் கொஞ்சம் கரண்ட் குடிக்கும். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் பயமில்லை. தொல்லை, நாம் பிறகு மாட்டும் சாமான்களால் வருகிறது.

போன ஆண்டு எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்கு இதே தொல்லை. அவர் மனைவிக்குச் செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். காலை ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டும். அந்த இரண்டு நாளும் பார்த்து வண்டி படுத்துவிடும். இருட்டில் அந்த அம்மாவை நிற்க வைத்துவிட்டு ஆட்டோ தேடி ஓடுவார். ஒரு பேட்டரியை மாற்றியாயிற்று. "இதுவும் போச்சா சார்?" என்று கேட்டார். "பேட்டரி இருக்கட்டும் சார், வரவு செலவைப் பார்ப்போம்" என்றேன்.

முதலில் இரவு முழுவதும் சார்ஜ் போட்டு, சற்று ஆறவிட்டு மல்டிமீட்டர் வைத்தேன். 12.6 வோல்ட். நிறைந்த பேட்டரிக்கு அதுதான் கணக்கு, 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே என்றால் ஏறக்குறைய காலி. எஞ்சினை ஓடவிட்டேன்: 14.2 வோல்ட். 13.8 முதல் 14.4 வரை இருந்தால் பொதுவாக ஆல்டர்னேட்டர் சரி. ஆக வரவில் குறையில்லை.

அடுத்து செலவு. சாவியை எடுத்து, நெகட்டிவ் வயரைக் கழற்றி, நடுவே ஆம்பியர் மீட்டரை இணைத்தேன். இந்த நிலையில் ஸ்டார்ட்டரைத் தொடக்கூடாது, மீட்டர் புகைந்துவிடும். அரை மணி நேரம் கழித்தும் 0.4 ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 10 ஆம்பியர்-மணி. அவருடையது 35 ஆம்பியர்-மணி பேட்டரி. வண்டி மூன்று நாள் சும்மா நின்றால் என்ன மிஞ்சும்? செவ்வாய், வெள்ளி ரகசியம் அதுதான்.

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தோம், மீட்டர் இறங்கவில்லை. அப்படியானால் ஃபியூஸ் பெட்டிக்கு வெளியே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். தேடினால், பிறகு வாங்கி மாட்டிய ஸ்டீரியோவுக்கு ஒரு வயர் நேராக பேட்டரியிலிருந்தே போயிருந்தது. திரை அணைந்திருந்தாலும் உள்ளே விழித்துக்கொண்டே இருந்திருக்கிறது. அதைச் சாவியோடு அணையும் இணைப்புக்கு, ஒரு ஃபியூஸ் வைத்து, மாற்றிக் கொடுத்தேன். மீட்டர் 0.03-க்கு இறங்கியது. அந்த அம்மா காபி கொடுத்துவிட்டு, "வெள்ளிக்கிழமை கிளம்பிடுமாண்ணா?" என்று கேட்டார். கிளம்பியது, இன்றுவரை கிளம்புகிறது.

நம் வயதுக்காரர்களின் கார்கள் ஓடுவதைவிட நிற்பதே அதிகம். வாரம் ஒரு முறையாவது அரை மணி நேரம் ஓட்டுங்கள். சார்ஜ் இறங்கிய பேட்டரியை அப்படியே போட்டு வைக்காதீர்கள். தகடுகளில் லெட் சல்பேட் இறுகிவிட்டால் நல்ல பேட்டரியும் உண்மையிலேயே செத்துப்போகும். புதிது வாங்கக் கடைக்குக் கிளம்பும் முன், சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் ஒன்றை வைத்து வரவையும் செலவையும் பார்த்துவிடுங்கள்.