கார் ஷெட்டும் ஏலக்காய்க் கிடங்கும்

உங்கள் கார் ஷெட்டில் கார் நிற்கிறதா? நம்மில் பலருக்குக் கார் தெருவில், உடைந்த நாற்காலி ஷெட்டில்.

பொட்டிபுரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் போடியின் ஏலக்காய்க் கிடங்குகளை நினைத்துப் பாருங்கள். 2007இல் மின்னணு ஏலம் வந்தது. அதற்கு முன்பு கூவி விட்ட ஏலம். எதுவானாலும் வியாபாரி கையில் பார்ப்பது மாதிரிக் காய்தான், மூட்டை கிடங்கில் காத்திருக்கும். ஈரம் ஏறினால் பூஞ்சை. வெளிச்சம் பட்டால் பச்சை வெளுக்கும், விலையும் போச்சு. அதனால் சாக்குகள் தரையில் படாமல், சுவரை ஒட்டாமல், மரப்பலகை மேல். 8 மி.மீ., 7 மி.மீ. எனச் சல்லடையில் பிரித்த காய் தனித்தனியாக. மண்ணெண்ணெய் பக்கத்திலேயே வரக்கூடாது. ஏலக்காய் எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும்.

நம் ஷெட்டிலோ பெட்ரோல் கேனும் பிள்ளைகளின் பழைய புத்தகமும் ஒரே மூலையில்! கேனை முதலில் அப்புறப்படுத்துங்கள். புத்தகத்துக்கு ஒரு பலகை போடுங்கள், ஐப்பசி மழைக்கு முன்பே.