குற்றாலம் (நீராடல் தலம்)

தென்காசியிலிருந்து ஏறத்தாழ 5 கி.மீ. தொலைவில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ள ஊர். மதுரைப் பக்கத்தார் ராஜபாளையம், புளியங்குடி, கடையநல்லூர் வழியே வருவர். ‘தென்னகத்தின் ஸ்பா’ எனப்பட்டாலும், இங்கிலாந்தின் பாத், திருகோணமலையின் கன்னியா ஆகியவற்றைப் போல இங்கு வெந்நீர் ஊற்று எதுவுமில்லை. சிற்றாற்றின் மழைநீரே பேரருவியாக விழுகிறது. காட்டு மூலிகைகளில் தோய்ந்து வருவதால் நீருக்கு மருத்துவக் குணம் உண்டென்பது பரவலான நம்பிக்கை. நீர் விழும் வேகம் உடம்பைப் பிடித்துவிடுவதே சுகத்துக்குக் காரணம் என்பாரும் உளர்.

திருஞானசம்பந்தர் இத்தலத்தையும் இதன் தலமரமான குறும்பலாவையும் பாடியுள்ளார். நடராசரின் ஐந்து சபைகளுள் சித்திர சபை இங்குள்ளது. திரிகூடராசப்பக் கவிராயர் இத்தலத்தைப் பாடிய குறவஞ்சி 18ஆம் நூற்றாண்டினது.

ஆங்கிலேயர் காலத்துக்குச் செய்திகள் மிகுதி. கிழக்கிந்தியக் கம்பெனியார் இங்கு ஜாதிக்காய், கிராம்புத் தோட்டங்கள் போட்டனர். 1830களில் தாவரவியலாளர் ராபர்ட் வைட் இம்மலையில் செடிகள் சேகரித்தார். திருநெல்வேலிச் சமவெளி வெந்துகொண்டிருக்கும் ஜூன் மாதத்தில், செங்கோட்டைக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று நுழைந்து இங்கு சாரலாகத் தூறும். ஊரின் உயரம் 500 அடியைச் சுற்றியே இருக்க, தட்பவெப்பமோ உயர்ந்த மலைகளுக்குரியது. அதனால் வெள்ளைக்கார அதிகாரிகள் பங்களா கட்டிச் சீசனுக்கு இங்கு வந்து தங்கினர். பழைய அரசிதழ்கள் இதைத் திருநெல்வேலி மாவட்டத்தின் உடல்நல வாசத்தலமாகவே குறிக்கின்றன. பேரருவி ஏறத்தாழ 60 மீட்டர் உயரமுடையது. நடுவே பொங்குமாகடல் என்னும் பாறைக்குழி நீரை வாங்கி வேகத்தைத் தணித்து அனுப்பாவிட்டால், அடியில் யாரும் தலைகொடுத்து நிற்க முடியாது. அருவியில் நின்றவருக்குப் பின்னால் எடுக்கும் பசி தனி. சூடான பஜ்ஜியும் சீசன் மங்குஸ்தானும் அதற்கென்றே விற்கப்படுவன போலும்.

இலக்கியத் திறனாய்வாளர் ரசிகமணி டி.கே.சி. பிற்காலத்தில் இங்கேயே தங்கி 1954இல் மறைந்தார். ராஜாஜியும் கல்கியும் அவர் வீட்டுக்கு விருந்தினராக வந்தனர். குளியல், கம்பன் பாட்டு, விருந்து ஆகிய மூன்றும் அங்கே ஒன்றையொன்று தொடர்ந்து நடந்தன.

அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு பயன்படுத்த உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2014இல் தடை விதித்தது. 2019இல் இவ்வூர் அடங்கிய தென்காசி தனி மாவட்டமானது. 2024 மே மாதம் பழைய குற்றால அருவியில் ஏற்பட்ட திடீர் வெள்ளத்தில் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். நீர்வரத்து மிகும் நாள்களில் குளிக்கத் தடை விதிக்கப்படுகிறது.