பயணப்பெட்டிக்குள் வரும் நோய்கள்: விமான நிலையப் பணியாளர்கள் அறிந்திருக்க வேண்டியவை

பாங்காக்கில் இருந்து 2023 ஆகஸ்ட் மாதம் பெங்களூரு வந்திறங்கிய பயணி ஒருவரின் பெட்டிகளைச் சுங்க அதிகாரிகள் திறந்தபோது, உள்ளே 234 வன உயிரினங்கள் அடைக்கப்பட்டிருந்தன. மலைப்பாம்புகள், பச்சோந்திகள், இகுவானாக்கள், ஆமைகள், முதலைக் குட்டிகள் ஆகியவற்றுடன், மூச்சுத் திணறி இறந்துபோன கங்காரு குட்டி ஒன்றும் பிளாஸ்டிக் டப்பாவில் கிடந்தது. 2024 ஏப்ரலில் அதே விமான நிலையத்தில் ஒரு பையில் இருந்து 10 மஞ்சள் அனகோண்டா பாம்புகள் மீட்கப்பட்டன. 2025 ஜூன் தொடக்கத்தில் மும்பையில், தாய்லாந்தில் இருந்து வந்த பயணியிடம் 47 நச்சுப் பாம்புகளும் 5 ஆமைகளும் பிடிபட்டன. தாய்லாந்து-இந்தியா விமான வழித்தடத்தில் மட்டும் மூன்றரை ஆண்டுகளில் உயிருடனும் இறந்தும் 7,000-க்கும் அதிகமான விலங்குகள் பறிமுதல் செய்யப்பட்டுள்ளதாக, வன உயிரின வணிகத்தைக் கண்காணிக்கும் 'டிராஃபிக்' அமைப்பு 2025-ல் தெரிவித்தது.

இத்தகைய செய்திகளில் கடத்தியவர் பற்றியும் விலங்குகள் பற்றியும் விரிவாகக் கூறப்படுகிறது. ஆனால், அந்தப் பெட்டியை விமானத்தின் வயிற்றுப்பகுதியில் இருந்து இறக்கியவர், திறந்து எண்ணியவர், எச்சம் படிந்த அறையைக் கழுவியவர், விலங்குகளை மீண்டும் விமானத்தில் ஏற்றும் வரை காவல் இருந்தவர் ஆகியோரைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. விலங்குகளிடம் இருந்து தொற்றும் நோய்க்கு முதலில் ஆளாகக்கூடியவர்கள் இவர்களே.

விலங்குவழித் தொற்று என்றால் என்ன?

முதுகெலும்புள்ள விலங்குகளிடம் இருந்து இயற்கையாக மனிதர்களுக்குப் பரவும் நோய்கள் விலங்குவழித் தொற்றுகள் எனப்படுகின்றன. இவற்றில் 200-க்கும் அதிகமான வகைகள் அறியப்பட்டுள்ளதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. புதிதாகத் தலைதூக்கும் தொற்று நோய்களில் ஏறத்தாழ 75 சதவீதம் விலங்குகளிடம் இருந்தே தொடங்குகின்றன என்பது பொதுவாக ஏற்கப்பட்ட மதிப்பீடு.

கடித்தால்தான் நோய் வரும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது முழு உண்மை அல்ல. கிளி இனப் பறவைகளிடம் இருந்து பரவும் சிட்டகோசிஸ் என்னும் கிளிக்காய்ச்சலுக்குக் கடியே தேவையில்லை. உலர்ந்த எச்சத்தின் தூசியைச் சுவாசித்தாலே நுரையீரல் பாதிக்கப்படலாம். ஆமைகளும் பல்லி இனங்களும் நோயின் அறிகுறி ஏதுமின்றிச் சால்மோனெல்லா பாக்டீரியாவைச் சுமக்கின்றன. அவற்றைத் தொட்ட கையோடு உணவு உண்டால் கடும் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் ஏற்படலாம். குழந்தைகளுக்கு இந்த ஆபத்து அதிகம் என்பதால், 10 சென்டிமீட்டருக்கும் குறைந்த ஓடு கொண்ட ஆமைகளைச் செல்லப்பிராணியாக விற்பதற்கு அமெரிக்கா 1975-லேயே தடை விதித்தது. இந்திய விமான நிலையங்களில் அடிக்கடி பிடிபடும் சிவப்புக்காது ஆமைக் குஞ்சுகள் பெரும்பாலும் அந்த அளவுக்கும் சிறியவை.

குரங்கினங்களின் நிலை வேறு. ஆசியாவின் மக்காக் வகைக் குரங்குகளிடம் காணப்படும் பி வைரஸ் அவற்றைப் பெரிதாகப் பாதிப்பதில்லை; மனிதருக்குத் தொற்றினால் மூளையைத் தாக்கி உயிரைப் பறிக்கக்கூடியது. அமெரிக்காவில் 1997-ல், குரங்கின் உடல்திரவம் கண்ணில் தெறித்த ஆய்வகப் பணியாளர் ஒருவர் இந்த வைரஸ் தாக்கி உயிரிழந்தார். கடியோ கீறலோ இல்லாமல் நிகழ்ந்த மரணம் அது.

நலமாகத் தோன்றிய இரு கழுகுகள்

விமான நிலையத்தில் இந்த ஆபத்து எவ்வாறு நுழைகிறது என்பதற்குப் பெல்ஜியத்தில் நிகழ்ந்த சம்பவம் தெளிவான சான்று. 2004 அக்டோபரில், தாய்லாந்தில் இருந்து பிரசெல்ஸ் விமான நிலையம் வந்த பயணி ஒருவர், போதைப்பொருள் தடுப்புக்கான வழக்கமான திடீர்ச் சோதனையில் நிறுத்தப்பட்டார். அவரது கைப்பையில் துணியால் சுற்றப்பட்டு, குழாய் போன்ற கூடைகளில் இரு குடுமிக் கழுகுகள் இருந்தன. பார்வைக்கு அவற்றிடம் நோயின் அறிகுறி ஏதும் தென்படவில்லை. பறவைகள் கருணைக் கொலை செய்யப்பட்டுப் பரிசோதிக்கப்பட்டபோது, இரண்டிலும் எச்5என்1 பறவைக் காய்ச்சல் வைரஸ் இருப்பது உறுதியானது. அவற்றுடன் தொடர்பில் இருந்தவர்கள் மருத்துவக் கண்காணிப்புக்கு உட்படுத்தப்பட்டனர். பறவைகளைக் கையாண்ட கால்நடை மருத்துவருக்குக் கண் அழற்சி ஏற்பட்டது. எனினும் மனிதர் எவருக்கும் தொற்று உறுதியாகவில்லை.

அதே பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரச் சுங்கப் பணியாளர்களுக்கு அத்தகைய அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. 1990-களின் நடுப்பகுதியில், கடத்திவரப்பட்ட கிளிகளைப் பறிமுதல் செய்த பணியாளர்களிடையே கிளிக்காய்ச்சல் பரவியது. மருத்துவ இதழ்களில் பதிவான அந்த நிகழ்வு, இது சுங்கப் பணியோடு இணைந்த தொழில்வழி நோயாகவும் அமையலாம் என்பதைக் காட்டியது.

ஆவணங்கள் சரியாக இருப்பதும் பாதுகாப்புக்கு உத்தரவாதம் ஆகாது. கானாவில் இருந்து 2003 ஏப்ரலில் முறையான வணிகச் சரக்காக அமெரிக்காவின் டெக்சாஸ் வந்த சுமார் 800 சிறு பாலூட்டிகளில் சில, குரங்கம்மை வைரஸைச் சுமந்திருந்தன. விற்பனைக் கூடத்தில் அவற்றின் அருகே வைக்கப்பட்ட பிரெய்ரி நாய்கள் என்னும் கொறிவிலங்குகளுக்கு வைரஸ் தொற்றியது. அவற்றிடம் இருந்து ஆறு மாகாணங்களில் 47 பேருக்குப் பரவியது.

கடத்தல் மட்டுமே காரணம் அல்ல

வெளிநாட்டு விலங்குகள் தலைப்புச் செய்தி ஆகின்றன. ஆனால் இந்திய விமான நிலையப் பணியாளரின் அன்றாட ஆபத்து பெரும்பாலும் உள்ளூர் உயிரினங்களால் வருகிறது. சரக்குக் கிடங்குகளில் எலிகள் நடமாடுகின்றன. அவற்றின் சிறுநீர் கலந்த மழைநீர், காலில் உள்ள சிறு வெடிப்பு வழியே உடலுக்குள் சென்றாலே எலிக்காய்ச்சல் தொற்றலாம். பருவமழைக் காலத்தில் தேங்கிய நீரில் வெறுங்காலுடனோ செருப்புடனோ நின்று சுமை தூக்குபவர்களுக்கு இது நிகழ அதிக வாய்ப்புண்டு. வளாகத்துக்குள் திரியும் நாய்கள், ஓடுதளத்தின் புல்வெளிக்குள் புகும் நரிகள், கூரைகளில் தங்கும் வௌவால்கள் ஆகியவற்றைப் பிடிக்கவோ அப்புறப்படுத்தவோ நேரும் பணியாளருக்கு ரேபிஸ் அபாயம் உண்டு.

பறவைகளின் விஷயம் தனிக் கவனம் பெற வேண்டியது. விமான நிலையத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் விலங்குகளை வெட்டுவதையும் கழிவுகளைக் கொட்டுவதையும் 1937-ஆம் ஆண்டின் விமான விதிகள் தடை செய்கின்றன. விமானத்தில் பறவைகள் மோதுவதைத் தடுக்கவே இந்த விதி வகுக்கப்பட்டது. மோதி இறந்த பறவையின் உடலை ஓடுதளத்தில் இருந்து அகற்றும் ஊழியரின் உடல்நலம் அதன் நோக்கமாக இருந்ததில்லை. இந்தியாவில் பறவைக் காய்ச்சல் முதன்முதலில் 2006-ல் மகாராஷ்டிரத்தின் நவாபூரில் கண்டறியப்பட்டது. 2021-ல் ஹரியாணாவைச் சேர்ந்த சிறுவன் தில்லியில் எச்5என்1 தொற்றால் உயிரிழந்தது, நாட்டில் பதிவான முதல் மனித மரணமாகும். எனவே, மோதல் ஏதுமின்றி ஒரே இடத்தில் பல பறவைகள் இறந்து கிடந்தால், அவற்றைக் குப்பையோடு சேர்க்காமல் கால்நடைத் துறைக்குத் தகவல் தெரிவிப்பதே முறை. மாதிரிகளைப் பரிசோதிக்கும் உயர் பாதுகாப்பு ஆய்வகம் போபாலில் உள்ளது.

ஒரே பெட்டி, ஆறு அமைச்சகங்கள்

வாசலில் பாதுகாப்புப் பணியில் இருக்கும் மத்திய தொழிற் பாதுகாப்புப் படை உள்துறையின் கீழ் இயங்குகிறது. பெட்டியைத் திறக்கும் சுங்கத் துறை நிதி அமைச்சகத்தைச் சேர்ந்தது. இனத்தை அடையாளம் காண உதவும் வன உயிரினக் குற்றத் தடுப்புப் பணியகம் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் கீழும், விலங்குத் தனிமைப்படுத்தல் மையம் கால்நடை பராமரிப்பை ஏற்ற அமைச்சகத்தின் கீழும் வருகின்றன. பயணிகளின் உடல்நிலையைக் கண்காணிக்கும் விமான நிலைய சுகாதார அலுவலகம் சுகாதார அமைச்சகத்தைச் சேர்ந்தது. விமான நிலையமோ சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் வரம்பில் உள்ளது. விலங்குத் தனிமைப்படுத்தல் மையங்கள் தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, பெங்களூரு, ஐதராபாத் ஆகிய ஆறு நகரங்களில் மட்டுமே செயல்படுகின்றன.

சுமை தூக்குவோரும் துப்புரவுப் பணியாளர்களும் பெரும்பாலும் ஒப்பந்த நிறுவனங்களின் ஊழியர்கள். இந்த ஆறில் எதற்கும் நேரடியாகப் பதில் சொல்பவர்கள் அல்லர். பயிற்சி வகுப்புக்கான பட்டியலில் அதிகாரிகளின் பெயர் எளிதில் இடம்பெறும். இரவுப் பணியில் அறையைக் கழுவ வரும் பெண்ணின் பெயர் அதில் சேர வேண்டுமெனில், யாரேனும் அதற்கெனப் பொறுப்பேற்றாக வேண்டும்.

1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பின், பன்னாட்டு உடன்படிக்கையின் பட்டியலில் உள்ள அயல்நாட்டு உயிரினங்களும் அதன் வரம்புக்குள் வந்தன. பிடிபடும் விலங்குகள் வழக்கமாக, வந்த நாட்டுக்கே அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பப்படுகின்றன. கடத்தலைத் தடுப்பதில் இது பயன் தரலாம். ஆனால், தரைப்பணியாளரின் கைகளை அதே விலங்கு இருமுறை கடந்து செல்கிறது என்பதும் இதன் மறுபக்கம்.

செய்ய வேண்டியவை

பெட்டிக்குள் அசைவோ, துர்நாற்றமோ, காற்றுத் துளைகளோ தென்பட்டால் அதைத் திறக்காமல் விலகி நின்று தகவல் அளிக்க வேண்டும். சுங்க அதிகாரிகள் முன்னிலையில் திறக்கும்போதும் கையுறை, முகக்கவசம், கண்ணாடி ஆகியவை தேவை. பறவைகளும் குரங்குகளும் இருக்கும் இடத்தில் சாதாரணத் துணி முகக்கவசம் போதாது. என்-95 வகையே பொருத்தமானது. புகைப்படத்துக்காக விலங்கைக் கையில் ஏந்துவது தேவையற்ற அபாயம். உலர்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் பெருக்கினால் கிருமி கலந்த தூசி எழும். முதலில் கிருமிநாசினி தெளித்து நனைத்த பின்னரே அகற்ற வேண்டும். விலங்குகள் வைக்கப்பட்ட அறையில் தேநீர் அருந்துவதையும் தவிர்க்க வேண்டும். கையுறையைக் கழற்றாமலே கைப்பேசியை எடுப்பது, இவை அனைத்தையும் பயனற்றதாக்கும் பழக்கம்.

கடியோ கீறலோ ஏற்பட்டால், காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவுவதே முதல் சிகிச்சை. மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு போன்றவற்றைத் தடவுவது தீங்கு விளைவிக்கும். அதன்பின் தாமதமின்றி மருத்துவமனைக்குச் சென்று ரேபிஸ் தடுப்பூசி பெற வேண்டும். காயம் ஆழமானதாக இருந்தால் இம்யூனோகுளோபுலினும் தேவைப்படும். குரங்கு கடித்திருந்தால் பி வைரஸுக்கான தடுப்பு மருந்து குறித்தும் மருத்துவரிடம் கேட்க வேண்டும். விலங்குகளை அடிக்கடி கையாளும் பணியாளர்கள், கடிபடுவதற்கு முன்பே 0, 7 மற்றும் 21 அல்லது 28-ஆம் நாள்களில் மூன்று தவணைத் தடுப்பூசி செலுத்திக்கொள்ளலாம்.

காய்ச்சல் வரும்போது

இந்நோய்கள் தாமதமாகவே வெளிப்படுகின்றன. கிளிக்காய்ச்சலுக்குப் பொதுவாக 5 முதல் 14 நாள்களும், எலிக்காய்ச்சலுக்கு 2 முதல் 30 நாள்களும், குரங்கம்மைக்கு மூன்று வாரங்கள் வரையிலும் ஆகலாம். ரேபிஸுக்கு இரண்டு, மூன்று மாதங்கள் கூட ஆகலாம். அதற்குள் பெட்டி திறக்கப்பட்ட இரவு பணியாளரின் நினைவில் இருந்து மறைந்திருக்கும். அருகிலுள்ள மருந்தகத்தில் காய்ச்சல் மாத்திரை வாங்கிக்கொண்டு அவர் பணிக்குத் திரும்பிவிடுகிறார். கிளிக்காய்ச்சலும் எலிக்காய்ச்சலும் சாதாரண நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளால் குணமாகக்கூடியவை என்பதால், காரணம் தெரியாமல் போவதே இங்கு பெரிய இழப்பு.

எனவே, விலங்குகளைக் கையாண்ட நாள், விலங்கின் இனம், உடனிருந்தோர் பெயர்கள் ஆகியவற்றைப் பணிப் பதிவேட்டில் குறித்து வைப்பது பயன் தரும். காய்ச்சல், தொடர் இருமல், கண் சிவத்தல், தோலில் கொப்புளம் ஆகியவற்றுடன் மருத்துவரிடம் செல்லும் பணியாளர், தாம் விமான நிலையத்தில் பணிபுரிவதையும் அண்மையில் எந்த விலங்கைத் தொட்டார் என்பதையும் மருத்துவர் கேட்காவிட்டாலும் தாமாகவே கூற வேண்டும்.