வண்டிக்குள்ளே நெருப்பு: புரொப்பேன் ஹீட்டரின் கதை

நம்மூரில் கேரவன் என்றால் ஷூட்டிங்கில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் ஏ.சி. வண்டிதான் ஞாபகத்துக்கு வரும். அமெரிக்காவில் குடும்பம் குடும்பமாக அப்படிப்பட்ட வண்டியில் ஊர் சுற்றுகிறார்கள், உறைபனியில் அதற்குள்ளேயே தூங்குகிறார்கள். அங்கே ஹீட்டர் இல்லாமல் முடியாது. அந்த ஹீட்டரின் வரலாறு முழுக்க ஒரே கேள்விதான்: உள்ளே எரியும் நெருப்பு யாருடைய காற்றை எடுத்துக்கொள்கிறது?

1910ல் அமெரிக்கச் சுரங்கத் துறையில் வேலை பார்த்த வால்டர் ஸ்னெல்லிங் என்ற வேதியியலாளர், பெட்ரோல் ஏன் இப்படி ஆவியாகிப் போகிறது என்று ஆராயும்போது அதில் புரொப்பேன் இருப்பதைக் கண்டுபிடித்தார். 1913ல் தன் காப்புரிமையை ஃபிராங்க் பிலிப்ஸுக்கு 50,000 டாலருக்கு விற்றார். புரொப்பேனின் கொதிநிலை மைனஸ் 42 டிகிரி. பியூட்டேன் 0 டிகிரிக்குப் பக்கத்திலேயே ஆவியாக மறுத்துவிடும். குளிர்நாட்டு வண்டிக்காரர்கள் புரொப்பேனைப் பிடித்துக்கொண்டது இதனால்தான்.

கேஸுக்கு இயல்பில் வாசனை கிடையாது. 1937ல் டெக்சாஸில் நியூ லண்டன் பள்ளியில் இயற்கை எரிவாயு கசிந்து வெடித்து ஏறக்குறைய 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். அதன்பிறகுதான் எரிவாயுவில் நாற்றம் கலக்கச் சட்டம் வந்தது. கசிவை மூக்கு கண்டுபிடித்துவிடும். ஆனால் சரியாக எரியாத கேஸிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடை எந்த மூக்காலும் கண்டுபிடிக்க முடியாது. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

புகைக்குழாய் இல்லாத ஹீட்டர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டன. அவை வண்டிக்குள் இருக்கும் ஆக்சிஜனையே எடுத்து, கழிவையும் உள்ளேயே விட்டன. இன்னொரு தொல்லை, 1 கிலோ புரொப்பேன் எரிந்தால் சுமார் 1.6 கிலோ தண்ணீர் உண்டாகும். காலையில் எழுந்தால் ஜன்னலெல்லாம் ஈரம். சுடர் தெரியாத கேட்டலிடிக் ஹீட்டரும் இதற்கு விதிவிலக்கல்ல. சுடர்தான் இல்லை, ஆக்சிஜன் செலவு அப்படியேதான்.

பிறகு வந்தது மூடிய எரியறை. வெளிக்காற்றை உறிஞ்சி, புகையை வெளியே தள்ளி, இரும்புச் சுவர் வழியாகச் சூட்டை மட்டும் உள்ளே கொடுக்கும். என்னைக் கேட்டால், இந்தக் கதையின் உண்மையான கண்டுபிடிப்பு இதுதான். அமெரிக்காவில் இப்போது புது வண்டிகளில் சமையல் அடுப்பு போன்ற சிலவற்றைத் தவிர மற்ற கேஸ் சாதனங்களுக்கு எரியறை உள்காற்றிலிருந்து பிரிந்திருக்க வேண்டும் என்பது விதி.

அப்படியும் பழைய ஹீட்டரைத் தேடி வாங்குகிறவர்கள் உண்டு. காரணம் பேட்டரி. புது மாடல்களில் ஃபேன் ஓட 12 வோல்ட் மின்சாரம் வேண்டும், காட்டில் நிறுத்தினால் இரவுக்குள் பேட்டரி காலி. ஃபேன் இல்லாத பழசுக்கு பைலட் சுடரும் தெர்மோகப்புளும் போதும். சுடர் அணைந்தால் தெர்மோகப்புள் ஆறி வால்வு தானே மூடிக்கொள்ளும்.

அப்படி வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது வெப்பத்தைக் கடத்தும் அந்த இரும்புச் சுவரை. துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தால் மூடிய அறையின் பயனே போச்சு, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிட வேண்டியதுதான். மாட்டும்போது புகைக்குழாயின் வாய் ஜன்னலுக்குக் கீழே வரக்கூடாது. இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். ரெகுலேட்டர் அழுத்தமும் பொருந்த வேண்டும்: ஜெர்மனியின் பழைய கேரவன்கள் 50 மில்லிபார், புதியவை 30. பழைய ஹீட்டரைப் புது வண்டியில் அப்படியே மாட்டினால் சரியாக எரியாது. புரொப்பேன் காற்றைவிடக் கனமானது என்பதால் கசிவு அலாரம் தரைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்குத் தனி அலாரம், அது படுக்கைக்குப் பக்கத்தில்.