நிக்காஹும் நாட்டுரிமையும்

விடுதலைக்கு முன் நாஞ்சில் நாட்டு முஸ்லிம்கள் திருவிதாங்கூர் மன்னரின் குடிகளாக இருந்தனர். ஆங்கிலச் சட்டம் அவர்களைப் பிரிட்டிஷ் பிரஜைகளாகக் கொள்ளவில்லை. பிரிட்டிஷ் பாதுகாப்புக்கு உட்பட்டோர் என்றே கொண்டது. கோட்டாற்றிலும் குளச்சலிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் வாழ்ந்தவரை இவ்வேறுபாடு எவரையும் உறுத்தியிராது. கடல் கடந்து குடும்பம் அமைத்தோரின் பிள்ளைகளுக்கோ அதுவே பெருங்கேள்வியாயிற்று.

சயாம் நாட்டை எடுத்துக்கொள்வோம். அங்கே பிரிட்டிஷ் கன்சலிடம் பெயர் பதியத்தக்கவர் எவர் என்பதை 1899ஆம் ஆண்டு ஒப்பந்தம் வகுத்தது. இந்தியச் சமஸ்தானங்களில் பிறந்தோரும் அதில் அடங்குவர். எனவே கோட்டாற்றில் பிறந்தவர் பதியலாம். சயாமில் பிறந்த அவர் பிள்ளைகளும் பதியலாம். பேரப்பிள்ளைகள் பதிய இயலாது. ஆசிய வழியினர் அல்லாதாருக்கோ பேரப்பிள்ளைகள் வரை அவ்வுரிமை நீண்டது. ஆயினும் முறையான மணத்தில் பிறவாத பிள்ளை விலக்கப்பட்டது.

முறையான மணம் என்பது எது? 1866இல் ஹைட் வழக்கில் இலண்டன் நீதிமன்றம், ஒருவனும் ஒருத்தியும் பிறரை விலக்கி வாழ்நாள் முழுதும் இணைவதே திருமணம் என்றது. வழக்கு மார்மன் சமயத்தாருடையது. எனினும் அந்த அளவுகோலின்படி, ஒரே மனைவியோடு வாழ்ந்த முஸ்லிமின் நிக்காஹும் ஐயத்துக்குரியதாயிற்று. மறுமணத்துக்கு அவருடைய சட்டம் இடம் தருகிறதன்றோ! பிள்ளைகளின் உரிமையைத் தாம் தீர்மானிக்கவில்லை என்று நீதிபதி பென்சான்ஸ் பிரபு தெளிவாகவே கூறியிருந்தார். ஆனால் தீர்க்கப்படாத கேள்வி தீங்கற்றதன்று. 1914ஆம் ஆண்டுச் சட்டப்படி, பேரரசுக்கு வெளியே பிறந்த பிள்ளை தந்தைவழி நாட்டுரிமை பெற, பெற்றோரின் மணம் செல்லுபடியாக வேண்டும்.

இதே பேரரசின் இந்திய நீதிமன்றங்கள் மஹரையும் வாரிசுரிமையையும் இஸ்லாமியச் சட்டப்படியே தீர்த்துவந்தன என்பதை நாம் மறத்தலாகாது. சொத்து வழக்கில் ஐயமின்றி ஏற்கப்பட்ட நிக்காஹ், கடல் கடந்தபின் ஐயத்துக்குரியதாயிற்று. 1939இல்தான், சின்ஹா பிரபுவின் வாரிசு வழக்கில், பலதார மணத்துக்கு இடமளித்த இந்து முறைத் திருமணத்தில் பிறந்த மகனை முறையான வாரிசெனப் பிரபுக்கள் சபை ஏற்றது. அதற்குள் எழுபத்து மூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன.

குறையை அந்நியர்மீது மட்டும் சுமத்திவிட்டு நாம் அமைதி கொள்வதற்கில்லை. வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்குத் தாய்வழியாகவும் இந்தியக் குடியுரிமை உண்டென்ற திருத்தம் 1992 டிசம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. தாயைச் சட்டம் கணக்கில் கொண்டிராத அந்நாள்வரை, நிக்காஹ் பதிவேட்டின் ஒற்றை வரியையே பிள்ளையின் நாட்டுரிமை சார்ந்து நின்றது. அவ்வரியைப் பேணிவைத்த நம் ஜமாஅத்துகள், தாம் அறியாமலே பல பிள்ளைகளின் உரிமையைப் பேணியிருக்கின்றன.