தோட்டத்துக் காய்ச்சலும் 1948-இல் வந்த மருந்தும்



பந்திங் வட்டாரத்தில் எத்திசை நோக்கினும் செம்பனை மரங்களே. மலாயாவின் செம்பனைத் தோட்டங்களில் ஒரு காலத்தில் உயிர்குடிக்கும் காய்ச்சல் ஒன்று பதுங்கியிருந்தது. ஸ்க்ரப் டைபஸ் எனும் உண்ணிக் காய்ச்சலே அது. லாலாங் புல்லிலும் புதரிலும் ஒட்டியிருக்கும் நுண்ணிய உண்ணியின் இளம்புழு கடித்தால் கிருமி உடலில் புகும். செம்பனைப் பழத்தை நாடி வந்த எலிகள் உண்ணிகளைச் சுமந்தன. புல் வெட்டிய பாட்டாளிகள் நோயைச் சுமந்தனர்.

1935-இல் ஜெர்மானியர் டோமாக் சல்பா மருந்தை உலகிற்கு அறிவித்தார். நிமோனியா முதல் கால்நடைகளிடமிருந்து தொற்றும் ஆந்திராக்ஸ் வரை பலவற்றிற்கும் அது வழங்கப்பட்டது. ஆனால் தோட்டத்துக் காய்ச்சலுக்கு அது உதவவில்லை. நோயை முற்றச் செய்யும் என்றே பின்னர் தெரியவந்தது. மற்றக் கிருமிகளைப் பட்டினி போட்ட மருந்து, இக்கிருமிக்குத் தீனியானது போலும்!

கோலாலம்பூரில் 1900-இல் தோன்றிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இந்நோயை விடாது ஆராய்ந்தது. 1920-களில் பிளெட்சரும் லெஸ்லரும் நகரத்து டைபஸ் வேறு, தோட்டத்து டைபஸ் வேறு எனப் பிரித்துக் காட்டினர். அடுத்த பத்தாண்டில் லூத்வெய்ட், சவூர் ஆகியோர் அப்பணியைத் தொடர்ந்தனர். சவூர் இந்தியர் என்பதை நம் மாணவர்களுக்குச் சொல்லலாமே.

1947-இல் வெனிசுவேலா நாட்டு மண்ணிலிருந்த நுண்ணுயிரிலிருந்து குளோராம்பெனிகால் பிரித்தெடுக்கப்பட்டது. 1948-இல் அமெரிக்கர் ஜோசப் ஸ்மேடல் குழுவினர் அதனைக் கோலாலம்பூருக்குக் கொணர்ந்து, இக்கழகத்தாருடன் இணைந்து சோதித்தனர். பல நாள் எரித்த காய்ச்சல் ஓரிரு நாளில் தணிந்தது. அறிக்கையில் மருத்துவர்களின் பெயர்கள் உள்ளன. நோயாளிகளின் பெயர்கள் இல்லை.

வியப்பு அதோடு முடியவில்லை. உண்ணிக் காய்ச்சல் எனக் கருதி மருந்து கொடுக்கப்பட்ட ஒருவருக்கு உண்மையில் இருந்தது டைபாய்டு. அவரும் தேறினார்! உடனே 10 டைபாய்டு நோயாளிகளிடம் சோதித்து, அதே ஆண்டில் முடிவை வெளியிட்டனர். டைபாய்டுக்கு முதல் நல்ல மருந்து இவ்வாறு கோலாலம்பூரில் அறியப்பட்டது. இச்செய்தி நம் பாடங்களில் இடம்பெறாதது வருத்தமே.

குளோராம்பெனிகால் அரிதாக எலும்பு மஜ்ஜையைச் சிதைப்பதால், உண்ணிக் காய்ச்சலுக்கு இன்று பெரும்பாலும் டாக்சிசைக்ளின் தரப்படுகிறது. நோய் இன்னும் அழியவில்லை. புதர்ப்பக்கம் சென்று வந்த பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால், அக்குள், இடுப்பு போன்ற மறைவிடங்களில் சிகரெட் சுட்டது போன்ற கரும்புண் உண்டா எனப் பார்த்து மருத்துவரிடம் தெரிவியுங்கள்.