அண்டையில் ஐயம், தொலைவில் உறுதி

கெப்ளர்-16 இங்கிருந்து சுமார் 245 ஒளியாண்டு தொலைவில், அன்னம் விண்மீன் கூட்டத்தில் இருக்கிறது. ஆல்பா சென்டாரி வெறும் 4.37 ஒளியாண்டு. சித்திரை, வைகாசி இரவுகளில் தமிழ்நாட்டிலிருந்தே தெற்கு அடிவானத்துக்குச் சற்று மேலே வெறுங்கண்ணால் பார்க்கலாம். இரண்டுமே இரட்டை விண்மீன்கள். (ஆல்பா சென்டாரியோடு சேர்ந்த மூன்றாவது விண்மீன் பிராக்சிமாவின் கதை தனி.) தொலைவிலுள்ள இணையின் கோள் 2011-லேயே ஐயமற உறுதியானது. அண்டையிலுள்ள இணைக்கோ ‘இருக்கலாம்’ என்பதற்கு மேல் இன்னும் சொல்ல முடியவில்லை. இந்த இணைகள் அமைந்திருக்கும் விதமே இதற்குப் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

கெப்ளர்-16-இன் இரு விண்மீன்களும் சூரியனைவிடச் சிறியவை. 41 நாளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றுகின்றன. சுற்றுத் தளம் நம் பார்வைக்கோட்டில் இருப்பதால் ஒன்றையொன்று மறைக்கவும் செய்கின்றன. இந்த வழக்கமான கிரகணங்களுக்கிடையே வேறு சில மெல்லிய மங்கல்களையும் கெப்ளர் விண்தொலைநோக்கி பதிந்தது. தரவை ஆராய்ந்த லாரன்ஸ் டாய்ல் குழுவினருக்குப் பிடி கிடைத்தது அவற்றின் ஒழுங்கின்மையில்தான். விண்மீன்களின் முகத்தைக் கடந்து மங்க வைக்கும் கோள் 229 நாளில் சுற்றி வரும்போது விண்மீன்கள் முன்பிருந்த இடத்தில் இருப்பதில்லை. அதனால் மங்கல் சில நாள் முந்தும், சில நாள் பிந்தும். பின்னணியிலுள்ள வேறெந்த விண்மீனும் இந்த இணையின் அசைவுக்கு ஏற்றபடி இப்படி முந்திப் பிந்தி மங்க முடியாது. போதாக்குறைக்கு, கோளின் ஈர்ப்பால் விண்மீன்களின் கிரகண நேரமே சற்று நகர்ந்தது. அதிலிருந்து சனியை ஒத்த நிறை என்று கணக்கும் கிடைத்தது. இணையாக இருப்பதே இங்கே சாட்சி.

ஆல்பா சென்டாரியில் அதே இணைதான் இடைஞ்சல். ஏ, பி என்ற அந்த இரண்டும் ஒன்றையொன்று சுற்ற 80 ஆண்டு ஆகும். இடைவெளி, பூமி–சூரியன் தூரத்தைப்போல் 11 மடங்கு முதல் 36 மடங்கு வரை மாறும். இங்கே கோள் ஏதேனும் ஒரு விண்மீனை மட்டும் ஒட்டிச் சுற்ற வேண்டும். சுமார் 3 மடங்குக்கு அப்பால் போனால் மற்றது இழுத்துக் கலைத்துவிடும். கெப்ளர்-16-இல் விதி தலைகீழ்: கோள் இணையை நெருங்கக் கூடாது. 0.7 மடங்கில் ஓடும் அந்தக் கோள் ஆபத்து எல்லைக்குச் சற்றே வெளியில்தான் இருக்கிறது.

ஆல்பா சென்டாரி இரட்டை என்று முதலில் கண்டவர் ஷான் ரிஷோ என்ற பிரெஞ்சு இயேசு சபைத் துறவி. 1689-இல், புதுச்சேரியிலிருந்து ஒரு வால்மீனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது. இரண்டைக் கண்டது எளிது. கோளைத் தேடியதுதான் பாடு. 2012-இல் பி-க்கு ஒரு கோள் அறிவிக்கப்பட்டது, சுற்றுக்காலம் 3.24 நாள். 2015-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் அந்தச் சைகை, அவதானிப்புகள் எந்தெந்த நேரங்களில் எடுக்கப்பட்டன என்பதிலிருந்து முளைத்தது என்று காட்டினார்கள்.

2024 ஆகஸ்டில் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி ஏ-யைப் பார்த்தது. ஏ-யின் வெளிச்சத்துக்கு மறைப்பு உண்டு. பி-யின் வெளிச்சம் பக்கத்திலிருந்து கொட்டிக்கொண்டே இருக்கும், அதைக் கணக்கிட்டுத்தான் கழிக்க வேண்டும். கழித்தபின் ஏ-யைவிடப் பத்தாயிரம் மடங்கு மங்கலான ஒரு புள்ளி மிஞ்சியது. கோள் என்றால் இதுவும் சனியளவு நிறை. 2025 பிப்ரவரியிலும் ஏப்ரலிலும் மறுபடி பார்த்தால், காணோம். சாத்தியமான பாதைகளில் பாதியில் அந்த நாட்களில் கோள் விண்மீனை மிக நெருங்கி மறைந்திருக்கும் என்கிறது வெப் தரவை ஆராய்ந்த குழுவின் கணக்கு. நியாயமான கணக்குதான். ஆனாலும் ஒருமுறை மட்டும் தெரிந்ததைக் கோள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை, 2012 தடுக்கிறது.

கெப்ளர்-16-இன் கோளும் இப்போது கண்ணில் படுவதில்லை. பாதைத் தளம் மெல்லச் சாய்வதால் 2018-க்குப் பின் அது விண்மீன்களின் முகத்தைக் கடப்பதில்லை. மீண்டும் கடக்க 2042 வாக்கில் ஆகும். ஆனால் பிரான்சின் ஓத்-புரோவான்ஸ் வானாய்வகத்திலிருந்து விண்மீனின் தள்ளாட்டத்தை அளந்தே அதைத் தனியாக உறுதி செய்துவிட்டார்கள். ஏ-யின் கோள் உண்மையானால் அது இரண்டு மூன்று ஆண்டில் ஒரு சுற்று முடிக்கும். எந்த மாதம், விண்மீனின் எந்தப் பக்கம் என்று முன்கூட்டிச் சொல்லி, அங்கே அது தெரிகிறதா என்று பார்க்கலாம்.